வெயிலில் காய்ந்த பிலிம்

இனயம் என்கிற கடற்கரை ஊரில் நனைந்த பொருள் எதுவானாலும் வெயிலில் போட்டுவிடுவார்கள். வலை, துணி, சாளை, நெத்திலி, பள்ளிக்கூடப் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கடல் நனைத்ததை அந்த ஊருக்கு வெயில்தான் திருப்பிக் கொடுத்து வந்திருக்கிறது. போட்டோ பிலிமும் அப்படித்தான் என்று டெல்சி நினைத்ததுதான் தப்பாகிப் போயிற்று. அவள் என்ன, போட்டோக்காரன் வீட்டிலா பிறந்தாள்? கருவாடு காயவைத்து விற்கிறவள். தெரிந்ததைச் செய்தாள்.

சுனாமி கழிந்து தண்ணீர் வடிந்த பிறகு, தென்னந்தோப்பு மணலில் பாதி புதைந்து கிடந்த அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியை அவள் புருஷன் ராஜமணி தோண்டி எடுத்தான். உள்ளே இருந்த போட்டோக்கள் கூழாகியிருந்தன. பிளாஸ்டிக் கவருக்குள் கிடந்த பிலிம் மட்டும் பிலிமாக இருந்தது. டெல்சி அதை முகாமுக்கு வந்த லாரித் தண்ணீரில் அலசினாள். அதுவரைக்கும் சரி. பிறகு மணலில் பழைய வலையை விரித்துப் பிலிமைப் பரத்தி, பறக்காமல் ஓரத்தில் கல் வைத்து, ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் புரட்டிப் போட்டாள். நெத்திலிக்கு என்ன பக்குவமோ அதே பக்குவம். சாயங்காலம் பார்த்தால் பிலிம் சுருண்டு, இரண்டு முகமும் மணலில் கீறுண்டு, உப்புப் பூத்துக் கிடந்தது.

ஒவ்வொன்றாக வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, அதில் ஒரு படத்தை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்தாள். கரையில் வரிசையாக ஓட்டைகள் இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. மீனுக்குச் சிறகு அரிவதுபோல இரண்டு கரையையும் நறுக்கி எறிந்துவிட்டுப் படத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மற்றவை பால்பவுடர் டின்னுக்குள் போயின.

அது அவள் மாமனாரின் அடக்கத்தில் எடுத்த படம். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் குடும்பமாகச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்வது கடற்கரையில் வழக்கம். வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும். கொச்சியிலும் கல்ஃபிலுமாகச் சிதறிக் கிடக்கிற சொந்தக்காரர்கள் வேறு எப்போது ஒன்றாக நிற்கிறார்கள்? ராஜமணி, டெல்சி, மகன் ஜெனின், மகள் ஷீஜா என்று நாலு பேரும் பெட்டிக்குப் பின்னால் நிற்கிற படம் அது. எடுத்த அடுத்த வருடம் ஷீஜாவைக் கடல் கொண்டுபோயிற்று. அவள் முகம் மிச்சமிருந்தது அந்த ஒரு துண்டில் மட்டும்தான்.

அதன் பிறகு டெல்சி, பிள்ளை போதும் என்று கட்டியிருந்த கருக்குழாயைத் திரும்பச் சேர்த்துவைக்கிற ஆபரேஷன் செய்துகொண்டாள். அந்தச் சமயத்தில் கடற்கரையில் வேறு சில பெண்களும் செய்துகொண்டார்கள். பெண்ணே பிறந்தது. அதே பெயரை வைத்தாள். செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது ஊரில் புதிதல்ல. ஆனால் டெல்சி பெயரோடு நிற்கவில்லை. என் பிள்ளை திரும்பி வந்துவிட்டாள் என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நடை பழகுகிற வயதில் குழந்தைக்கு வலது கண்ணுக்குக் கீழே மிளகு போல ஒரு மச்சம் தெளிந்தது. அவ்வளவுதான், மூத்தவளுக்கும் இதே இடத்தில்தான் என்று தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள்.

ராஜமணி ஒருநாள் வாய் தவறி, அவளுக்கு இடது பக்கமல்லவா என்று சொல்லிவிட்டான். அந்த மாதம் முழுக்க டெல்சி அவனுக்குச் சோறு வைத்தாள், பேசவில்லை. அத்தோடு அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் அவனுக்குத் தெரியும். கடல் ஒதுக்கிய பிள்ளையைத் தூக்கி வந்தவன் அவன். முகத்து மணலைத் துடைத்தவன் அவன். ஊரார் பலரையும் சேர்த்துப் புதைத்த குழியில் அவளை இறக்கியதும் அவன்தான். அன்றைக்கு டெல்சி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். கண்ணால் பார்க்காததால் அது நடந்ததாகவே அவள் மனது ஒப்புக்கொள்ளவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரியோடு போகும். டெல்சி போகமாட்டாள். வீட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கல்லறையில் எதற்குத் திரி என்பாள். ராஜமணி தனியாகப் போய் ஒன்றை ஏற்றி, காற்றுக்குக் கையை அணைகொடுத்து நின்றுவிட்டு வருவான். இளையவள் பாடுதான் பெரும்பாடு. அவளுக்குக் கணவாய் மீன் குமட்டும். மூத்தவள் விரும்பித் தின்றவள் என்பதால் முதல் துண்டு அவள் தட்டில்தான் விழும். கடலுக்கு இத்தனை பக்கத்தில் குடியிருந்தும் அவள் கால் நனைத்ததில்லை. 'நீ அப்பம் இப்பிடிச் சொன்னியே', 'நீ அப்பம் அங்க இருந்தியே' என்று அம்மா சொல்லும்போதெல்லாம் ஆமாம் என்று தலையாட்டப் பழகியிருந்தாள். தான் செய்யாததையெல்லாம் செய்ததாக ஒப்புக்கொண்டு வளர்கிற பிள்ளையை நினைத்தால் நமக்கே மனசு பதறி வெப்ராளமாக இருக்கிறது.

சுனாமியின் பத்தாம் வருடம். மூத்தவள் போன வயதை இளையவள் எட்டியிருந்தாள். அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு, தானும் வரட்டுமா என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள். டெல்சி காதில் விழுந்துவிட்டது. ஒரே சண்டை. சண்டையில் ராஜமணி மறுபடியும் இடது என்று சொன்னான். டெல்சி ஜெபப் புத்தகத்தைத் திறந்து பிலிமை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பழைய பிலிமைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் படமாக்கலாம் என்று கத்தாரிலிருந்து ஜெனின் போனில் சொல்லியிருந்தான்.

"படம் இருக்கு. போயிப் பாப்பம். வலதுன்னா நீங்க இனி அந்தக் குழிக்கிப் போகக்கூடாது."

"இடதுன்னா?" என்றான் ராஜமணி.

அவள் பிலிமைத் திரும்ப ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். 

மூன்று பேரும் மழையோடு மழையாகத் தக்கலைக்குப் பஸ் ஏறினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் மாடியில் சுயம்பு என்பவரின் ஸ்டூடியோ இருந்தது. சுயம்பு கல்யாணம், சடங்கு என்று கேமராவோடு அலைவார்; கடையில் இருந்து கம்ப்யூட்டர் பார்ப்பது அவர் மனைவி பூங்கனி. நெற்றியில் வெள்ளை நாமமும் மேசையில் பாதி குடித்த சாயாவுமாக உட்கார்ந்திருந்தவள், டெல்சி பிலிமைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்து நீட்டியதைப் பார்த்ததும் எழுந்தேவிட்டாள். நடுவில் தொட வேண்டாம், விரலில் உள்ள எண்ணெய் படத்தைத் தின்றுவிடும், ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு வாங்கினாள்.

வெளிச்சப் பலகையில் வைத்துக் குனிந்து பார்த்தாள். பிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். மங்கல் பக்கத்தில்தான் படம் இருக்கும். அதை வைத்துத்தான் எது முன், எது பின் என்று சொல்ல முடியும். இதில் மணல் கீறி இரண்டு பக்கமும் ஒன்றுபோல மங்கிக் கிடந்தது. கரையில் நம்பர் அச்சடித்திருக்கும், அதைப் பார்த்தாலும் தெரியும். கரை எங்கே என்று கேட்டாள். வெட்டிப் போட்டாயிற்று என்றாள் டெல்சி. பூங்கனி நல்லவள். வெயிலில் காயவைத்த கதையைக் கேட்டும் திட்டவில்லை, கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தாள்.

முதலில் எதையும் செய்யாமல், இருக்கிறபடியே ஒருதடவை ஸ்கேன் பண்ணி வைத்துக்கொள்வோம், பின்னால் ஏதாவது ஆகிவிட்டால் இதாவது இருக்கும் என்றாள். சுருண்ட பக்கம் அடியில் வருகிறமாதிரி கண்ணாடியில் அமுக்கி எடுத்தாள். திரையில் நாலு ஆள் உருவம் வந்தது. ஒருவருக்கும் முகமில்லை. உப்புத்தான் பூப்பூவாக நிறைந்திருந்தது. டெல்சி அந்த உப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுவிப் பார்க்கலாம், ஆனால் படத்தோல் தளர்ந்திருந்தால் தண்ணீரோடு உரிந்து போய்விடவும் கூடும் என்றாள் பூங்கனி. சோதனைக்கு, அவர்கள் கையோடு கொண்டுவந்திருந்த பால்பவுடர் டின்னிலிருந்து வேண்டாத ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, பாட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் போட்டு வைத்தாள். அது உரியாமல் தெளிந்தது. அப்புறம்தான் இந்தத் துண்டை எடுத்தாள்.

டெல்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளத்துலயா போடப்போற மோளே?"

"நல்ல வெள்ளம்தான் அக்கா."

"ஒருக்கா வெள்ளத்துல போனவளாக்கும்."

பூங்கனிக்கு அப்போதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. வந்ததிலிருந்து ஒரு ஓரமாக நின்ற சிறுமியையும், ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜமணியையும் பார்த்தாள். பிறகு டெல்சியின் கையை விலக்காமல், அவள் கையோடேயே சேர்த்துப் பிலிமை மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கினாள். டெல்சியின் உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. உப்பு மெதுவாகக் கரைந்தது.

கழுவியதைத் துடைக்காமல் கிளிப்பில் மாட்டி, மின்விசிறியையும் நிறுத்தி, கதவைச் சாத்திய அறைக்குள் தொங்கவிட்டாள். வெளியே கொஞ்சம் வெயில் எட்டிப்பார்த்திருந்தது. அதில் வைத்தால் சட்டென்று காயுமே என்றாள் டெல்சி, பழக்கம் போகுமா? காயும், கூடவே சுருண்டுபோகும் என்றாள் பூங்கனி. நிழலில் தானாகக் காயட்டும், போய்ச் சாயா குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாள்.

கீழே சாயாக்கடையில் டெல்சி மகளுக்கு ரசவடை வாங்கிக் கொடுத்தாள். ஒனக்குப் பிடிக்குமே, அப்பவும் தக்கலைக்கு வந்தா இதைத்தான கேப்ப என்றாள். ஷீஜா தலையாட்டிவிட்டு, ரசத்தில் ஊறிப்போன வடையைக் கரண்டியால் நாலாகப் பிட்டு, நாலையும் எட்டாகப் பிட்டு, ஒவ்வொன்றாக விழுங்கினாள். கண்மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த பலகாரங்களில் இருந்தது. ராஜமணி சாயாவை ஆறவைத்துக்கொண்டே இருந்தான். படம் இடது என்று காட்டினால் இவள் என்ன ஆவாள் என்று ஒரு பயம், வலது என்று காட்டினால் தான் புதைத்தது யாரை என்று இன்னொரு பயம். பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தான்.

திரும்பி வந்தபோது பூங்கனி ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் முதலில் ஷீஜாவின் முகத்தைத்தான் பெரிதாக்கினாள். கீறலும் புள்ளியுமாக இருந்தாலும் அது முகம். நல்ல முகம். ரெட்டைச் சடை, கீழுதட்டைக் கடித்துக்கொண்ட பல். டெல்சி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தூசு ஒட்டினால் படத்தில் வெள்ளையாகவும், மணல் குத்திப் படத்தோல் போன இடம் கறுப்பாகவும் தெரியும் என்று சொல்லிக்கொண்டே பூங்கனி ஒவ்வொரு புள்ளியாக அழித்தாள். நெற்றியில் இருந்த கறுப்புப் புள்ளி போயிற்று. மூக்கில் இருந்தது போயிற்று. கண்ணுக்குக் கீழே இருந்த புள்ளிமேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள்.

"அத தொடாத" என்றாள் டெல்சி. சத்தம் போடவில்லை, ஆனால் பூங்கனியின் கை நின்றுவிட்டது. "அது மணல் குத்துனதில்ல. மச்சம்."

வலது கண்ணுக்குக் கீழே, மிளகு போல. டெல்சி எழுந்து, ஓரத்தில் நின்ற மகளின் தோளைப் பிடித்து இழுத்துத் திரையின் பக்கத்தில், எல்லாரையும் பார்க்க நிறுத்தினாள். இங்கே வலது, அங்கேயும் வலது. திரையில் இருந்த கன்னத்தை விரலால் தொட்டாள், பிள்ளையின் கன்னத்தையும் தொட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பத்து வருடமாக யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

"இப்பம் என்ன சொல்லுதிய?" என்று ராஜமணியைக் கேட்டாள். "எம்பிள்ள எங்கயும் போவல்ல."

ராஜமணி திரும்பிப் பார்த்தான். அவன் கையால் மணல் துடைத்த முகம்தான் அது. ஆனால் மச்சம் எப்படி அங்கே போனது? பூங்கனி முழுப் படத்தையும் திரைக்குக் கொண்டுவந்தாள். பெட்டி, பூமாலை, பின்னால் நாலு பேர். தன் சட்டையைப் பார்த்தான். பாக்கெட் வலது பக்கத்தில் இருந்தது. அப்படி ஒரு சட்டையை எந்தத் தையற்காரன் தைப்பான்? அவனுக்குப் புரிந்துவிட்டது. பூங்கனியைப் பார்த்தான். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிலிமைப் பின்பக்கம் முன்னாக வைத்து எடுத்திருக்கிறாள். முன் எது, பின் எது என்று தெரியாமல் போனதால் வந்த வினை. சொல்ல வேண்டும் என்று வாய் திறந்தவளை ராஜமணி லேசாகத் தலையசைத்துத் தடுத்தான். போகட்டும். அவள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும். கல்லறைக்கு இனி போகக்கூடாது என்றால், அதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

அதைச் சொல்ல வேண்டியவள் சொன்னாள்.

"அம்மா" என்றாள் சிறுமி. "படத்துல நீங்க சேலைய மாத்தி உடுத்திருக்கிய."

டெல்சி சிரித்துக்கொண்டே பார்த்தாள். படத்தில் அவள் முந்தானை வலது தோளில் கிடந்தது. தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். முந்தானை இடது தோளில், எப்போதும் கிடக்கிற இடத்தில் இருந்தது. மறுபடி படத்தைப் பார்த்தாள். ராஜமணியின் சட்டைப் பாக்கெட்டையும் பார்த்தாள். சிரிப்பு முகத்தைவிட்டுப் போக நேரமாயிற்று.

பூங்கனி தன் தப்பை ஒப்புக்கொண்டு, திருப்ப வேண்டாம் என்றால் இப்படியே பிரிண்ட் போட்டுத் தந்துவிடுகிறேன் என்று சொல்லக்கூடத் தயாராக இருந்தாள். சிறுமி தான் ஏதோ கெட்டதைச் செய்துவிட்டதுபோலச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். டெல்சி அவளைப் பார்த்தாள். ரெட்டைச் சடை போட்டுவிட்டிருந்தாள், படத்தில் இருந்ததுபோலவே. ஆனால் இந்த முகம் வட்டம், அது நீளம். இவளுக்குப் பல் வெளியே தெரியாது. பார்க்காத ஒன்றா? தினமும் குளிப்பாட்டிய முகம்தானே.

"நான் ரெண்டு பக்கமும் புரட்டித்தான காயப்போட்டேன்" என்றாள் டெல்சி கடைசியில். அவள் குரல் ஒடுங்கியிருந்தது. "புரட்டிப் போடு மோளே."

பூங்கனி ஒரு பொத்தானை அமுக்கினாள். பெட்டியின் தலைமாடு கால்மாடாயிற்று. முந்தானை இடது தோளுக்குப் போயிற்று. மச்சம் ஷீஜாவின் இடது கண்ணுக்குக் கீழே வந்து நின்றது.

டெல்சி விரலால் அந்த மச்சத்தைத் தொட்டாள். பிறகு, "மக்கா, நீ போயிட்டியா?" என்று படத்தைக் கேட்டாள். அடுத்து வந்த அழுகை ஸ்டூடியோவில் அழுகிற அழுகை இல்லை. பிள்ளை செத்த வீட்டில், செத்த அன்றைக்கு அழுகிற அழுகை. பத்து வருடம் பிந்தி வந்தது. கீழே கடைக்காரர்கள் மாடியை நிமிர்ந்து பார்த்தார்கள். பூங்கனி எழுந்து கதவைச் சாத்தினாள். ராஜமணி கிட்டே போய் நின்றான், தொடவில்லை. அவளாகவே அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரிலிருந்து எடுத்தபோது பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டாள். பத்து வருடமாக அவன் யாரிடமும் சொல்லாததை அன்றைக்கு அந்த நாற்காலிப் பக்கத்தில் குந்தியிருந்து சொன்னான். தூங்குவதுபோல இருந்தாள் என்று சொன்னான். ஒரு சடை அவிழ்ந்திருந்தது, நான்தான் பின்னிவிட்டேன், சரியாக வரவில்லை என்று சொன்னான்.

பிரிண்ட் கையில் கிடைத்தபோது மழை விட்டிருந்தது. பிலிமை அமிலமில்லாத காகித உறையில் போட்டு, ஜெபப் புத்தகத்துக்குள் வேண்டாம், ஈரம் ஏறாத டப்பாவில் தனியாக வையுங்கள் என்று பூங்கனி சொல்லிக் கொடுத்தாள். டெல்சி ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினாள். மாடிப்படி இறங்கும்போது, திரி வாங்க வேண்டும் என்று ராஜமணியிடம் சொன்னாள். அவன் எத்தனை என்றுகூடக் கேட்காமல் எதிர்க் கடைக்குப் போனான்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அதே சாயாக்கடையில் மகளோடு உட்கார்ந்தாள். கடைக்காரர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, ரசவடைதானே என்று கிண்ணத்தை எடுத்தார். டெல்சி வேண்டாம் என்று கை காட்டினாள்.

"ரசவடை மூத்தவளுக்குத்தான் பிடிக்கும்" என்றாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு என்னட்டி பிடிக்கும்?"

ஷீஜா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சரியான பதில் ஏதாவது அங்கே இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. அம்மா அவளுடைய பதிலுக்காகத்தான் காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். கண்ணாடிப் பெட்டியைக் கை காட்டினாள். "அந்தப் பழம்பொரிய ஒண்ணு தின்னு பாக்கட்டா?"

மாவில் முக்கிப் பொரித்த அந்த வாழைப்பழத் துண்டைக் கடைக்காரர் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். சூடாக இருந்தது. ஷீஜா ஊதி ஊதி ஒரு கடி கடித்து, கண்ணை மேலே உருட்டி யோசித்தாள். டெல்சி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஷீஜா.